‘தி கிரவுன்’ கடைசி சீசனைப் பார்க்கலாமா?

கேள்வி: பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத்தின் கதையைச் சொல்லும் நெட்ஃபிளிக்ஸின் ‘தி கிரவுன்’ தொடரை ஐந்து சீசன்கள் விடாமல் பார்த்தேன். ஆறாவதை விமர்சகர்கள் கடுமையாகச் சாடியதைப் படித்துவிட்டுத் தயங்கி நிற்கிறேன். அந்தச் சாடல் நியாயம்தானா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரும்பகுதி நியாயமே. ஆனால், டயானா ‘ஆவியாக’ வந்ததையே பலரும் பிடித்துக்கொண்டார்கள். கோளாறு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

2023 நவம்பரில் வந்த முதல் நான்கு பகுதிகளின் முடிவில், பாரிஸிலிருந்து உடலைக் கொண்டுவரும் விமானத்தில் சார்லஸிடமும், பிறகு அரசியிடமும் இறந்துபோன டயானா வந்து பேசுகிறார். அது ஆவியன்று, பிரிந்தவர்களின் மனத்தில் அவர் வாழ்வதையே காட்டினேன் என்றார் தொடரை உருவாக்கிய பீட்டர் மார்கன். இறந்தவரோடு மனத்துக்குள் பேசாதவர் யார்? உத்தியில் தவறில்லை. உயிரோடிருந்தபோது கணவரிடமும் மாமியாரிடமும் கேட்க முடியாமற் போனவற்றைக் கேட்காமல், ஆறுதலும் அறிவுரையும் சொல்லிவிட்டு அந்த டயானா போய்விடுவதுதான் தவறு.

மூன்றாவது சீசனின் அபெர்ஃபான் பகுதியை நினைத்துப் பாருங்கள். 1966 அக்டோபரில் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்ததில் 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டனர். அரசியோ எட்டு நாள் கழித்தே அங்கே போனார். தனக்கு அழுகையே வருவதில்லை என்று வருந்தும் அந்தப் பெண், இறுதிச் சடங்கில் பாடப்பட்ட பாடலின் ஒலிப்பதிவைத் தனியே அமர்ந்து கேட்கிறார். கன்னத்தில் ஒரே ஒரு துளி இறங்குகிறது. எந்தக் கேமராவும் நுழைந்திராத அத்தகைய அறைகளுக்குள் நம்மை அழைத்துச் சென்றதுதான் இத்தொடரின் பலம். டயானாவின் கடைசி வாரங்களோ உலகமே நாளிதழ்களில் பார்த்தவை. அவற்றைத் திரும்ப நடித்துக் காட்டுவதிலேயே நேரம் போய்விட, கதையின் நாயகியான அரசி ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்.

நடிப்பை எவரும் குறை சொல்லவில்லை. டயானாவாக வாழ்ந்த எலிசபெத் டெபிக்கிக்கு 2024இல் கோல்டன் குளோப், எம்மி இரண்டும் கிடைத்தன.

முழுதும் பார்க்க மனமில்லையென்றால், டிசம்பரில் வந்த எட்டாம் பகுதியான ‘ரிட்ஸ்’ஸை மட்டுமாவது பாருங்கள். பக்கவாதத்தால் தளர்ந்துகொண்டே போகும் இளவரசி மார்கரெட்டாக லெஸ்லி மேன்வில் நடித்திருக்கிறார். 1945இன் போர் வெற்றி இரவில், அரண்மனையை விட்டு வெளியேறிக் கூட்டத்தோடு கூட்டமாக ஆடிய தன் அக்காவை அவர் ஒருவர்தான் மறக்காமல் வைத்திருக்கிறார்.