ஊதாப் பூவுக்குப் பக்கத்தில் வெளிறித் தெரியும் கறுப்பு நூல்

பூத்தையலில் ஊதா இதழ்களைச் சுற்றி ஓட்டிய கறுப்பு நூல் துருவேறியதுபோல வெளிறித் தெரிகிறது என்கிறீர்கள். நூலை மாற்றியும் சரியாகவில்லை என்றால் குறை நூலில் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் சின்னத் துளை போட்டு, அது வழியாகக் கறுப்பை மட்டும் பாருங்கள். நல்ல கறுப்பாகவே தெரியும்.

பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்திலும் இதே புகார் வந்தது. அங்கே சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரோல், சாயத்தில் பிழையில்லை, பக்கத்து நீலமும் ஊதாவும்தான் காரணம் என்று கண்டுபிடித்து 1839இல் விரிவாக எழுதினார். ஒரு நிறம், நிறவட்டத்தில் தனக்கு நேர் எதிரே இருக்கும் எதிர்நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின் மேல் ஏற்றிவிடும். ஊதாவுக்கு எதிர் மஞ்சள். அதனால்தான் உங்கள் கறுப்பு பழுப்படித்துத் தெரிகிறது. எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு தீராத விஷயம் இது!

தையலைப் பிரிக்க வேண்டாம். மிக அடர்ந்த ஊதா நூலில் ஒற்றை இழை எடுத்து, கறுப்பின் மேலேயே இடைவெளி விட்டு ஓட்டுங்கள். மஞ்சள் சாயல் அடங்கிவிடும். அப்புறம், இழைகளை நெருக்கமாக அடுக்கி நிரப்பும் சாட்டின் தையல் ஒளியைத் திருப்பியடித்துக் கறுப்பைச் சாம்பலாகக் காட்டும். ஓரக்கோட்டுக்குச் சங்கிலித் தையலே நல்லது.