பட்டன் டின்னும் அன்னப் படகும்: வாசகர் கேள்வி, தையக்கடைக்காரர் பதில்

போன மாசம் பழைய படம் போட்ட பட்டன் பத்தி ரெண்டு பக்கம் எழுதுனேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா நெனைக்கல. அதப் படிக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை: 19ஆம் நூற்றாண்டோட கடைசி முப்பது நாப்பது வருஷம், ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் பொம்பளைங்க கோட்டு, கவுன்ல எல்லாம் கோட்டை, குதிரை வீரன், நாடகத்துல வர்ற சீன், புராணக் கதைன்னு படம் அச்சடிச்ச பித்தளை பட்டன் வெச்சுத் தெச்சாங்க, அதைத்தான் இப்ப தேடித் தேடி சேக்குறோம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல அப்பா காலத்து தையக்கடைய நடத்துறவன் நான், சாதா பட்டன் எனக்கு சோறு போடுது, இந்த பட்டன் அந்த சோத்துக் காசத் திங்குது.

கேள்வி: அண்ணே, எங்க பாட்டி பீடோர் பக்கம் ஒரு தோட்டத்துல துரை பங்களாவுல ஆயாவா இருந்தவங்க. அவங்க போனதுக்கப்புறம் பிஸ்கெட் டின் நெறைய பட்டன் கெடைச்சிச்சு. அதுல ஒண்ணு பழைய அம்பது காசு சைஸ்ல இருக்கு, ஒரு படகுல தொப்பி கவசம் போட்ட ஆளு நிக்கிறான், முன்னாடி அன்னப்பறவை இழுத்துக்கிட்டுப் போவுது. என் மவன் இது சரஸ்வதியோட அன்னம்ங்கிறான். என்னா படம் அது? (பீடோர் வாசகி)

பதில்: தங்கச்சி, பையன் சொன்னது தப்புதான், ஆனா நம்ம கதையத் தேடிப் போனான் பாருங்க, அது சரி. படகு, அன்னம், கவசம் மூணும் ஒண்ணா வந்தா அது லோஹென்கிரின்ங்கிற வீரன். இப்ப கதையக் கேளுங்க. பிரபாண்ட் நாட்டு எல்சாங்கிற பொண்ணு மேல, தம்பியக் கொன்னுட்டான்னு பழி போடுறாங்க. அவளுக்காக சண்டை போட யாருமே முன்னுக்கு வரல. அப்ப ஆத்துல அன்னம் இழுக்குற படகுல ஒரு வீரன் வர்றான், சண்டை போட்டு ஜெயிக்கிறான், அவளையே கட்டிக்கிறான், ஆனா ஒரே ஒரு கண்டிஷன்: என் பேரு என்னா, ஊரு என்னா, நான் யாருன்னு எப்பயும் கேக்கக் கூடாது. கல்யாணம் ஆன ராத்திரியே அவ மனசு தாங்காம கேட்டுடுறா. அவனும் சொல்லிட்டு, கெளம்பிப் போயிடுறான்.

இத எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? நம்ம கங்காதேவி சந்தனு மகாராஜாகிட்ட போட்ட கண்டிஷன்தானே இது! நான் என்னா செஞ்சாலும் ஏன்னு கேக்காதன்னு சொல்லிட்டு வாழ்றா, எட்டாவது புள்ளய ஆத்துல விடப் போறப்ப ராஜா தாங்காம கேட்டுடுறாரு, அவளும் போயிடுறா. அங்கயும் ஆறு, இங்கயும் ஆறு. எல்சா கதையில கடைசியில அந்த அன்னமே தொலைஞ்சு போன தம்பின்னு தெரிய வரும், அது கூடுதல்.

கதை பழசு, 13ஆம் நூற்றாண்டு ஜெர்மன் காவியத்துலயே இருக்கு. ஆனா பட்டன் மேல ஏறுனதுக்குக் காரணம் வாக்னர்ங்கிற ஜெர்மன் இசைக்காரரு போட்ட இசை நாடகம். 1850 ஆகஸ்ட் 28ஆம் தேதி ஜெர்மனியில வைமார்ல முதல் தடவை மேடை ஏறுச்சு, வாக்னரு அரசியல் பிரச்சனையில நாட்ட விட்டு ஓடி சுவிட்சர்லாந்துல இருந்ததால தன்னோட நாடகத்த தானே பாக்க முடியல, அவரு கூட்டாளி, லிஸ்ட்ங்கிற இன்னொரு இசைக்காரருதான் நடத்துனாரு. நம்ம ஊரு கிறிஸ்தவ கல்யாணத்துல பொண்ணு உள்ள வர்றப்ப வாசிப்பாங்களே ஒரு டியூன், அது இந்த நாடகத்துல வர்றதுதான். இன்னிக்கு படம் ஓடுனா டீ-சட்டையில ஹீரோ மூஞ்சி வரும், அன்னிக்கு பட்டன்ல வந்துச்சு, அவ்ளோதான் வித்தியாசம்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, பட்டனத் திருப்புங்க. எல்லாரும் முன்பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து அனுப்புறீங்க, எனக்கு வேணும்ங்கிறது பின்பக்கம். பழைய படப் பட்டன் பெரும்பாலும் ரெண்டு துண்டு: மெல்லிசு பித்தளைத் தகட்ட இரும்பு அச்சுல வெச்சு அடிச்சு படத்த எழுப்பி, அதோட ஓரத்த பின்தகட்டு மேல மடிச்சு விட்டிருப்பாங்க, சோமாஸ் ஓரத்த மடிக்கிற மாதிரி. நடுவுல நூலு கோக்க கம்பி வளையம். பின்பக்கம் சின்ன எழுத்துல பாரிஸ்னோ, 'T.W. & W.'ன்னோ இருந்தா பிரான்ஸ் சரக்கு. ஒண்ணுமே இல்லன்னாலும் மனசு விட வேணாம், எழுத்து இல்லாத நல்ல பட்டன் ஏராளம், ஜெர்மனியில லூடன்ஷைட், இங்கிலாந்துல பர்மிங்ஹாம், அமெரிக்காவுல வாட்டர்பரின்னு பட்டனுக்குன்னே பேரு வாங்குன ஊருங்க இருந்துச்சு. பழைய அம்பது காசு சைஸ்னா எங்க கணக்குல 44 லைன் வரும் (40 லைன் ஒரு இஞ்சு, நாங்க சட்டைக்குப் போடுறது 18 லைன்), அமெரிக்காவுல 1938ல ஆரம்பிச்ச தேசிய பட்டன் சங்கத்துக் கணக்குல இது மீடியம்.

துரையம்மா குடுத்ததா, குப்பையில எடுத்ததான்னு இப்ப யாரும் சொல்ல முடியாது. வீட்டுல பெரியம்மா சின்னம்மா யாராச்சும் இருந்தா இன்னிக்கே கேட்டு, கேட்டத ஒரு தாள்ல எழுதி டின்னுக்குள்ளயே போட்டு வைங்க.

கேள்வி: ஐயா, கறுத்துப் போன பட்டன புளி போட்டுத் தேச்சா குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு ஆயிடுமா? (தாப்பா வாசகர்)

பதில்: ஆயிடும். அப்புறம் நீங்க உக்காந்து அழுவீங்க.

என் கதையே சொல்றேன். நான் காசு குடுத்து வாங்குன முதல் படப் பட்டன், மாடத்துல ஒரு பொண்ணு நிக்கிது, கீழ ஒருத்தன் மாண்டலின் மாதிரி ஒண்ண வெச்சுக்கிட்டு பாடுறான், பின்னால சொவரு மட்டும் லேசா செவப்பு கலந்த ஊதா கலரு. தீபாவளிக்கு முந்தின நாளு அம்மா வெளக்கெல்லாம் புளித் தண்ணியில போட்டு வெச்சிருந்தாங்க, நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி பட்டன அதுல போட்டேன். எடுத்துப் பாத்தா பொண்ணும் சொவரும் ஒரே மஞ்சக் கலரு, மாடம் எது ஆளு எதுன்னே தெரியல. அந்த ஊதா கலரு வேணும்னே பூசுனது, பள்ளத்துல இருந்த கறுப்பும் நெறைய பட்டன்ல வேணும்னே விட்டதுதான், அது இருந்தாத்தான் படம் எழும்பித் தெரியும். அதோட போச்சான்னா இல்ல, மடிச்ச ஓரம் வழியா உள்ள தண்ணி போயிருச்சு, பின்தகடு இரும்பு, ரெண்டு வாரத்துல ஓரமெல்லாம் துரு கக்க ஆரம்பிச்சிச்சு. அம்மா பாத்துட்டு, "வெளக்கு வைத்தியம் வெளக்குக்குத்தான்டா"ன்னு போயிட்டாங்க.

அதனால புளி, எலுமிச்சை, வினிகர், பல்பொடி, கடையில விக்கிற பித்தளை பாலிஷ் எதுவும் வேணாம். கொழந்தைங்க பல்லு வெளக்குற மெத்து பிரஷ், அதுவும் காஞ்சது, போதும். பச்சையா பூத்திருந்தா பல்லு குத்துற குச்சியால மெதுவா எடுங்க, ஊசி வேணாம். பின்பக்கம் காந்தத்த வெச்சுப் பாருங்க, ஒட்டுனா உள்ள இரும்பு இருக்குன்னு அர்த்தம், அதுக்கப்புறம் தண்ணி பக்கமே போவாதீங்க. சிலதுல உள்ள அட்டை கூட வெச்சிருப்பாங்க, அது ஊறுனா பட்டனே உப்பிக்கும்.

கேள்வி: குதிரையில ஒருத்தன் உக்காந்து கீழ கெடக்குற பாம்பு மாதிரி ஒண்ணக் குத்துறான். கல்கி அவதாரமா, முனீஸ்வரனா? (கோல கங்சார் வாசகர்)

பதில்: ரெண்டும் இல்ல அண்ணே, புனித ஜார்ஜ், பாம்பு இல்ல டிராகன். இந்தப் படத்த நீங்க சின்னப் புள்ளையிலேந்து பாத்திருப்பீங்க, பாட்டி காசு மாலையக் கொண்டாங்க. இங்கிலாந்து பவுன் காசுல ஒரு பக்கம் ராஜா ராணி தலை, இன்னொரு பக்கம் இதே ஜார்ஜும் டிராகனும்தான், பிஸ்ட்ருச்சின்னு ஒரு இத்தாலிக்காரரு 1817ல வரைஞ்சது. அந்த காசோட பேரு சாவரின், அதுதான் நம்ம வாயில சவரன் ஆச்சு, எடை 8 கிராமுக்கு ஒரு துளி கம்மி, அதான் இன்னிக்கும் நகைக்கடையில 8 கிராம் ஒரு பவுன்.

இதே மாதிரி, கவசம் போட்ட பொம்பளை கையில கொடி இருந்தா பிரான்ஸ் வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க், 1431ல ரூவான்ல எரிச்சே கொன்னாங்க. வில்லு, கொழந்தை தலையில ஆப்பிள்னா சுவிட்சர்லாந்து கதையில வர்ற வில்லியம் டெல். கையில பருந்து வெச்ச ஆளோ அம்மாவோ இருந்தா அது யாருன்னு பேரு தேடி மண்டைய ஒடச்சுக்காதீங்க, சும்மா அந்தக் காலத்து வேட்டைக் காட்சி.

கேள்வி: சார், ரயிலு தந்தியெல்லாம் வந்த காலத்துல எதுக்கு அவங்களுக்கு எப்பவோ செத்த ராஜா, வீரன் எல்லாம்? (நாலாம் பாரம் மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: ரயிலு வந்ததாலதான் கண்ணு. பேக்டரி பொகைக்குள்ள இருக்குறவனுக்கு கோட்டையும் குதிரையும் அழகாத் தெரியும். நம்ம ஆளுங்க மட்டும் என்னாவாம், பகல் பூரா பால் வெட்டிட்டு வந்து ராத்திரி லயத்து வாசல்ல தேசிங்கு ராஜா கதை கேக்கலயா. வால்டர் ஸ்காட் எழுதுன பழைய காலத்து வீரருங்க கதைங்களப் படிச்சு அங்க பைத்தியம் எந்த அளவுக்குப் போச்சுன்னா, 1839ல ஸ்காட்லாந்துல எக்லிண்டன்ங்கிற எடத்துல பணக்காரங்க நெசமாவே கவசம் மாட்டிக்கிட்டு பழைய மாதிரி ஈட்டிச் சண்டை நடத்துனாங்க, பெரிய கூட்டம், அன்னிக்குன்னு பாத்து ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு மழை. கவசம் போட்டவரு குடையோட நிக்கிறத நெனச்சுப் பாரும்மா. அதை யாரும் பட்டன்ல அடிச்சதா நான் பாக்கல, அடிச்சிருந்தா முதல் ஆளா வாங்குவேன்.

கேள்வி: அண்ணா, ஆன்லைன்ல ஆறு வீரன் பட்டன் 'ஒரிஜினல் பழசு'ன்னு வாங்குனேன், ஆறும் ஒரே மாதிரி, புதுசு மாதிரி மின்னுது. ஏமாந்துட்டேனா? இந்த மாதிரி பட்டன் என்னா வெலை வரும்? (தெலுக் இந்தான் தம்பி)

பதில்: ஆறு ஒரே மாதிரி இருக்குறது குத்தமில்ல தம்பி, ஒரு கவுனுக்கு ஒரு செட்டு வாங்குவாங்க. ஆனா பின்பக்கம் என்னா சொல்லுது? முழுசா ஒரே துண்டா, கனமா, படத்தோட ஓரமெல்லாம் மழுங்கலா, பின்னாடி மணல் மாதிரி சொரசொரப்பா இருந்தா உருக்கி ஊத்துன புது சரக்கு. நகை ஆசாரி கண்ணுல சொருகிப் பாப்பாரே, அந்த லென்ஸ் ஒண்ணு வாங்கிக்க, தகட்டுல அடிச்ச படத்துல மூக்கு, வெரல், குதிரை சேணம் எல்லாம் கத்தி மாதிரி தெரியும். பழைய அச்ச வெச்சு புதுசா அடிக்கிறவங்களும் உண்டு, அங்க முன்பக்கம் நெசம் மாதிரியே இருக்கும், பின்பக்கத்து வளையமும் தகடும்தான் காட்டிக் குடுக்கும்.

வெலை கேட்டிருந்த. சின்ன சைஸ், சாதா படம்னா வெளிநாட்டுல சில டாலருக்கே கெடைக்கும், தபால் செலவு அதுக்கு மேல ஆவும். பெருசு, நல்ல நெலமை, அபூர்வமான படம்னா பல மடங்கு ஏறும். நம்ம பக்கம் ஞாயித்துக்கிழமை ஈப்போ பழைய சாமான் சந்தை, பினாங்கு லோரோங் கூலிட், பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால்னு சுத்தலாம், யூனிபார்ம் பட்டன், சிப்பி பட்டன்தான் அதிகமா மாட்டும். என் அனுபவத்துல, பட்டன் இருக்கான்னு கேக்குறத விட பழைய தையப்பெட்டி இருக்கான்னு கேளு. பழைய பேப்பர் எடுக்க வர்ற பேப்பர் லாமா லோரிக்காரருகிட்டயும் சொல்லி வை, எனக்கு ஒரு டின்னு அப்படித்தான் அஞ்சு வெள்ளிக்கு வந்துச்சு.

கேள்வி: ஒடஞ்ச பட்டன சேக்குற நேரத்துல உருப்படியா ஏதாச்சும் செய்யக் கூடாதா? (பேர் போடாத வாசகர்)

பதில்: நேத்து உங்க சிலுவார் ஜிப் மாத்துனவனே நானா இருக்கலாம். செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

கேள்வி: கறுப்பு பட்டன், படமெல்லாம் இல்ல, பின்னாடி 'குட்இயர்' 1851ன்னு இருக்கு. டயர் கம்பெனி பட்டனா? (ஈப்போ வாசகி)

பதில்: டயர் கம்பெனி இல்லக்கா, ஆனா கித்தாதான்! கெட்டி ரப்பர்ல செஞ்ச அமெரிக்க பட்டன். 1851ங்கிறது பேட்டண்ட் வருஷம், பட்டன் செஞ்ச வருஷம் இல்ல, அது பின்னாடியும் இருக்கலாம். நம்ம தோட்டத்துப் பாலுன்னு நெனச்சிராதீங்க, பிரேசில்லேந்து வந்த வெதைங்களோட நாத்து இந்தப் பக்கம் எறங்குனதே 1877லதான், அதுல ஒம்போது மரம் பக்கத்துல கோல கங்சார்ல நட்டது, ஒண்ணு இன்னும் நிக்கிது.

ரப்பர்னு வந்ததால சொல்றேன், பித்தளை பட்டனுங்கள ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீங்க, அதுல இருக்குற கந்தகம் உலோகத்தக் கறுக்க வெக்கும். நம்ம ஈரத்துக்கு, மாத்திரை போத்தல்ல வர்ற சின்ன ஈரம் உறிஞ்சிப் பொட்டலத்த டின்னுல போடுங்க. டின்னுக்குள்ள தந்தம் மாதிரி வெளுத்த பிளாஸ்டிக் பட்டன் இருந்தா கட்டை வெரலால சூடேற நல்லா தேச்சு மோந்து பாருங்க, கற்பூர வாசனை வந்தா அது செல்லுலாய்டு, கற்பூரம் சேத்துத்தான் செய்வாங்க. அது கெட்டுப் போறப்ப வர்ற ஆவி பக்கத்துல இருக்குற பித்தளை, இரும்பு எல்லாத்தையும் அரிச்சிடும், நெருப்பும் சீக்கிரம் புடிக்கும், அதனால தனி டப்பா, சாமி மாடத்துக்குத் தூரமா.

பீடோர் தங்கச்சி, பின்பக்கத்து போட்டோவுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்.