விலையைச் சொல்லுங்க அண்ணாச்சி: சிறுகடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் எங்கள் வட்டாரத்துச் சிறு வியாபாரிகள் மாதம் ஒரு தடவை கூடுவோம். டவுனில் அப்பா நடத்திய பாத்திரக்கடையை இணையத்துக்குக் கொண்டுபோன அனுபவம் எனக்கு உண்டு. அப்புறம் பக்கத்துக் கடைகளுக்கும் அந்த வேலையைப் பார்த்துக் கொடுத்தேன். அதனால் ‘ஆன்லைன்’ என்று யார் வாய் திறந்தாலும் கேள்வி என் பக்கம்தான் திரும்பும். இந்த மாதம் எல்லாரிடமும் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். பதில்கள் இதோ.

ஜங்ஷன் அல்வா கடை அண்ணாச்சி: கூகுளில் ‘திருநெல்வேலி அல்வா’ என்று போட்டால் ஊரில் உள்ள கடையெல்லாம் வருகிறது, என் கடை வரமாட்டேன் என்கிறது. காசு கொடுத்தால் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒருத்தர் தினமும் போன் பண்ணுகிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கூகுள் மேப்பில் கடைகள் வரும் வரிசையைக் காசு கொடுத்து மாற்ற முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் என்று அடையாளம் போட்டு மேலே வருவது வேறு கதை. வரிசைக்கு அவர்கள் பார்ப்பது மூன்று: தேடிய சொல்லுக்குக் கடை பொருந்துகிறதா, தேடுகிறவர் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பேருக்குத் தெரிந்தது. தூரத்தை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ரதவீதியில் நிற்கிறவருக்கு ரதவீதிக் கடைதான் முதலில் வரும். ரயிலை விட்டு இறங்கி நிற்கிறவருக்காவது உங்கள் கடை வர வேண்டாமா?

கூகுளில் உங்கள் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வகை ‘உணவகம்’ என்று இருக்கிறது. இனிப்புக்கடை என்று மாற்றுங்கள். திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டும் காலி. இருக்கிற ஒரே படத்தில் ஷட்டர் மூடிக் கிடக்கிறது. பெயரில் ஒரிஜினல், ஸ்பெஷல், பெஸ்ட், நெய் என்று ஒரு ரயில்பெட்டி நீளத்துக்குச் சேர்த்திருக்கிறீர்கள். கடைப் போர்டில் என்ன பெயரோ அது மட்டும்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். எதிர்ப்பக்க ரோட்டிலிருந்து கடை முகப்பை ஒரு படம், வாழையிலைத் துண்டில் சூடாக வைத்த அல்வாவை ஒரு படம், விலைப்பலகையை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். கால் கிலோ என்ன விலை என்று தெரிந்தவர் தயங்காமல் உள்ளே வருவார்.

சென்னையிலிருந்து தேடுகிறவருக்கு மேப்பால் பயனில்லை. கிலோ விலை, கூரியர் செலவு, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், என்றைக்குக் கிண்டியது, இந்த நான்கும் அவருக்குத் தெரிய வேண்டும். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படமும் போடுங்கள்.

பத்தமடையிலிருந்து ஒரு அக்கா: ஃபேஸ்புக்கில் பாய் படம் போட்டால் இருநூறு லைக் விழுகிறது. ஒரு ஆர்டர் வருவதில்லை.

அக்கா, உங்கள் பதிவில் ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று இருக்கிறது. பாதிப் பேர் அந்த வரியிலேயே திரும்பிப் போயிருப்பார்கள். விலை கேட்டால் வாங்கித்தான் ஆக வேண்டுமோ என்று நம்ம ஆட்களுக்கு ஒரு கூச்சம். விலையைப் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள்.

விலையைப் பார்த்து ‘ஒரு பாய்க்கா இவ்வளவு’ என்று கேட்பார்கள், கேட்கட்டும். அதற்குப் பதில் உங்கள் தறியிலேயே இருக்கிறது. கோரையை ஊறவைத்து நார்நாராகக் கிழிப்பதைக் காட்டுங்கள். முடிந்த பட்டுப்பாயைத் துணி மாதிரி மடித்துக் காட்டுங்கள். அரை நிமிட வீடியோ போதும், பின்னணிப் பாட்டு வேண்டாம், தறிச் சத்தமே நன்றாக இருக்கும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து தருகிறீர்களே, அதைப் பற்றி ஒரு பதிவுகூட இல்லை! எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், முன்பணம் எவ்வளவு என்று எழுதிப் போடுங்கள். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருப்பதையும் ஒரு வரி சேருங்கள். எந்திரப் பாயைப் பத்தமடை என்று சொல்லி விற்கிற காலம் இது.

கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர்: வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பல பேருக்குச் சேர்த்து பிராட்காஸ்ட் அனுப்புகிறேன், பாதிப் பேர் வரவில்லை என்கிறார்கள்.

உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போகும். ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். முதல் பார்சலுக்குள்ளேயே ‘இந்த நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள், புது அப்பளம் காய்ந்ததும் சொல்கிறோம்’ என்று ஒரு சீட்டு வையுங்கள். யாரிடமோ விலைக்கு வாங்கிய நம்பர்களுக்கு அனுப்பாதீர்கள். நாலு பேர் புகார் அழுத்தினால் உங்கள் நம்பரே முடங்கும் அபாயம் உண்டு, பழைய வாடிக்கையும் அதோடு போகும்.

உடன்குடி கருப்பட்டி வியாபாரி: ‘சீனி கலந்த கருப்பட்டி’ என்று ஒருத்தர் ஒரு ஸ்டார் போட்டுவிட்டார். மூன்று தலைமுறைத் தொழில். வயிறு எரிகிறது. அழிக்க வழி உண்டா?

பொய்க் கணக்கு, கெட்ட வார்த்தை, கடைக்கே சம்பந்தமில்லாத பேச்சு என்றால் கூகுளிடம் புகார் செய்யலாம். பிடிக்கவில்லை என்பதற்காக எடுக்கமாட்டார்கள். நீங்கள் எழுதியிருக்கும் பதிலைத்தான் முதலில் அழிக்க வேண்டும். ‘நீ எந்தக் கடை ஆளு என்று தெரியும்’ என்று ஆரம்பிக்கிறது. அந்த ஒரு ஸ்டாரை மறந்துவிடுவார்கள் அண்ணாச்சி, இதை மறக்கமாட்டார்கள்.

அந்தப் பதிலைப் படிக்கப்போவது திட்டியவர் மட்டும் இல்லை, நாளைக்கு வாங்க வருகிறவரும்தான். அவருக்காக எழுதுங்கள்: ‘எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். மிச்சத்தைத் திருப்பி அனுப்பினால் பணம் தருகிறோம். பதநீர் காய்ச்சுவதை நேரில் வந்தும் பார்க்கலாம்.’ இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம்.

சந்தையில் சீனிக் கலப்படம் உண்டு என்பது ஊருக்கே தெரியும், சந்தேகப்படுகிறவர் மேல் தப்பில்லை. பதநீர் சீசன் நடக்கும்போது விடியற்காலையில் பனையேறி இறங்குவதிலிருந்து சிரட்டையில் ஊற்றி உறைவது வரை படம் எடுத்து வையுங்கள். மழைக்காலத்திலும் போட்டுக்கொள்ளலாம். சொந்தக்காரப் பிள்ளைகளை விட்டு ஐந்து ஸ்டார் போடச் சொல்கிற யோசனையை விட்டுவிடுங்கள். ஒரே ராத்திரியில் பதினைந்து ‘சூப்பர்’ வந்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

குற்றாலத்தில் வீடு வாடகைக்கு விடுகிறவர்: சீசனுக்கு விளம்பரம் எப்படிக் கொடுக்கலாம்?

விளம்பரத்தை விடுங்கள். ஜூன் பிறந்தால் ஊர் உலகமே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ‘அருவியில் தண்ணீர் விழுதா?’ தினமும் காலை ஏழு மணிக்கு ஐந்தருவியிலோ மெயினருவியிலோ பத்து விநாடி எடுத்து ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். வெள்ளம் வந்து குளிக்கத் தடை என்றாலும் சொல்லுங்கள், அன்றைக்கு ரெண்டு பேர் ரத்து செய்தாலும் பரவாயில்லை. உங்களைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவது என்று பழகியவர்கள் வேறு எங்கே தங்கப்போகிறார்கள்? இன்னொன்று, உங்கள் பக்கத்தில் இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கிறது. தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்.

வண்ணார்பேட்டை வளையல்கடைத் தங்கச்சி: இன்ஸ்டாகிராமில் நல்ல கூட்டம் இருக்கிறது. தனியாக வெப்சைட் எதற்கு?

பெரிய வெப்சைட் வேண்டாம், ஒரு பக்கம் போதும். ஆனால் வேண்டும். 2020 ஜூன் 29-ஆம் தேதி ராத்திரி டிக்டாக்குக்குத் தடை வந்தது. அதை மட்டும் நம்பி ஆர்டர் பிடித்தவர்களுக்கு வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட வழி இல்லாமல் போனது. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக ஆறு மணி நேரம் முடங்கின. அந்த இடமெல்லாம் நமக்கு வாடகைக் கடை மாதிரி, அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். வாங்கியவர்களின் பெயரையும் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வை. நான் இன்றும் நோட்டில்தான் எழுதுகிறேன்.

வெப்சைட் பெயரை உன் பெயரில், உன் ஈமெயிலில் பதிவு செய். இது நான் பட்ட பாடு. எங்கள் பாத்திரக்கடைக்கு முதலில் செய்து கொடுத்தவர் அவர் பெயரிலேயே பதிந்துகொண்டார். மூன்றாவது வருஷம் புதுப்பிக்க ஆளைத் தேடினால் போன் எடுக்கவில்லை. பில்லிலும் பையிலும் அச்சடித்த முகவரி போயே போய்விட்டது. மிச்சமிருந்த இரண்டாயிரம் பைகளில் அப்பா ஸ்டிக்கர் ஒட்டினார், ஒவ்வொன்றுக்கும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மேலப்பாளையம் தையற்கடை: நிறையப் பேருக்குக் காட்டட்டும் என்று என் பதிவை ஐயாயிரம் ரூபாய்க்கு பூஸ்ட் பண்ணினேன். வந்த மெசேஜ் எல்லாம் வடமாநிலத்திலிருந்து.

இடத்தைத் தேர்ந்தெடுக்காமல் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அளவு கொடுக்க நேரில் வர வேண்டிய தொழிலுக்குக் கடையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போதும். முதலில் ஐந்நூறு ரூபாய்க்குப் பாருங்கள். விளம்பரத்தைத் தொட்டால் நேராக உங்கள் வாட்ஸ்அப் திறக்கிற மாதிரி வையுங்கள். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை ரவிக்கை தைத்தோம் என்று எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த ஐந்நூறைப் போடலாம்.

பேட்டை ஹார்டுவேர் கடை: பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சரக்கை எடுத்துப் போய்விட்டார்கள். பணம் ஏறவே இல்லை.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் சரக்கு. ‘பணம் வர வேண்டுமானால் பின் நம்பர் போடுங்கள்’ என்று எவனாவது சொன்னால் திருடன். பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

காருகுறிச்சி மண்பானை செய்யும் பெரியவர்: எனக்குப் போனில் பேச மட்டும்தான் தெரியும். எழுதத் தெரியாது. நான் என்ன செய்ய?

பேசத் தெரியுமே ஐயா! வாட்ஸ்அப்பில் எழுதவே வேண்டாம், மைக்கை அழுத்திப் பேசினால் போகும். ‘இந்தப் பானை ரெண்டு படி பிடிக்கும், இத்தனை ரூபாய், பஸ்ஸில் போட்டுவிடுவேன்’ என்று உங்கள் குரலில் சொன்னால் போதும், எழுத்தைவிட அதை நம்புவார்கள். காருகுறிச்சி என்று தேடினால் அருணாசலத்தின் நாதஸ்வரம்தான் வருகிறது. பானையும் வரட்டும். வியாழக்கிழமை சேரன்மகாதேவி வரை வரும் வேலை இருக்கிறது, அப்படியே வீட்டுக்கு வருகிறேன். சூளை பிரிக்கிற நாள் என்றால் முன்னாலேயே ஒரு போன் போடுங்கள், படம் எடுத்துக்கொள்ளலாம்.