‘பெடியள் வெளியில நில்லுங்கோ’

கேள்வி: மகப்பேற்று விடுதியில் பயிற்சி எடுக்கிறேன், டொக்டர். உள்பரிசோதனை (பிறப்புவழியில் விரல் வைத்துப் பார்ப்பது) என்றதும் ‘பெடியள் வெளியில நில்லுங்கோ’ என்கிறார்கள். கூடப் படிக்கும் மாணவிகள் கற்கிறார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். பரீட்சையும் வருகிறது. என்ன செய்ய?
– மருத்துவபீட மாணவர், கொக்குவில்

பதில்: தம்பி, பரீட்சையை விடுங்கள். உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, பிள்ளை பிறந்த கையோடு ஒரு தாய்க்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தம் போகும். விடுதியில் அப்போது நிற்பவர் நீங்களாக இருக்கலாம். கருப்பை தளர்ந்து கிடந்தால் இரத்தம் நிற்காது; அது இறுகியிருக்கிறதா, தளர்ந்து கிடக்கிறதா என்று உங்கள் கைக்குத் தெரிய வேண்டும். ஆகவே நீங்கள் கவலைப்படுவது சரிதான்.

பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளும் இதைத்தான் காட்டின: ஆண் மாணவர்களுக்கு உள்பரிசோதனை வாய்ப்புக் குறைவு, மறுப்பு அதிகம். எங்கள் ஊரில் பெண் டொக்டரைத் தேடுவதும் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அமெரிக்க மிஷன் இணுவிலில் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி தொடங்கியது. அந்தக் கூச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். மறுப்பது அந்தத் தாயின் உரிமை; காரணமும் கேட்கக்கூடாது.

ஆனால் நான் வேலை செய்த காலத்தில் கண்டது, பல தாய்மாரிடம் யாரும் கேட்டதே இல்லை. அவர்களுக்காக நாங்களே ‘வேண்டாம்’ சொல்லிவிடுகிறோம். அல்லது பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது கேட்கிறோம். அப்படிக் கேட்டால் யார் சம்மதிப்பார்?

வலி கடுக்க முன்னமே நீங்கள் தனியாகப் போய்ப் பெயரைச் சொல்லுங்கள். “நான் இன்னும் டொக்டர் இல்லை அக்கா, படிக்கிறன். வேண்டாமெண்டால் உங்கட வைத்தியத்தில ஒரு குறையும் வராது” என்று சொல்லிக் கேளுங்கள். பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். முதலில் வயிற்றில் கை வைத்து, 10 நிமிடத்தில் எத்தனை தரம் வலி வருகிறதென்று எண்ணுங்கள். இதற்குப் பலர் மறுப்பதில்லை. அவர் விரும்பினால் பிள்ளை பிறக்கும்வரை கூட நில்லுங்கள், தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். உள்பரிசோதனையை முதலில் பயிற்சிப் பொம்மையில் பழகுங்கள். ஒன்று மட்டும்: முன்கூட்டியே சம்மதிக்காத பெண்ணை, அவர் மயக்கத்தில் இருக்கும்போது, யார் சொன்னாலும் பரிசோதித்துப் பழகாதீர்கள்.

இது உங்களால் மட்டும் தீராது. பெடியள் எல்லோரையும் ஒரேயடியாக வெளியே அனுப்பாமல், ஒவ்வொரு தாயிடமும் தனித்தனியே கேட்கச் சொல்லி விரிவுரையாளரிடம் பேசுங்கள். போகும்போது மாணவிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பங்கையும் சேர்த்துச் செய்து அவர்களில் சிலர் களைத்திருப்பார்கள்.