குடல்வால் ஆபரேஷன்: திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா?

தம்பிக்குக் குடல்வால் வீங்கியிருக்கிறது, உசிலம்பட்டியில் திறந்துதான் செய்வோம் என்கிறார்கள், மதுரைக்குக் கொண்டுபோய், சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி பார்க்கட்டுமா, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. எனக்குச் சின்ன வயதில் பெரியாஸ்பத்திரியில் திறந்து செய்தார்கள், மகளுக்கு லேப்ராஸ்கோப்பி.

மூட்டை தூக்குகிறவருக்கு லேப்ராஸ்கோப்பி தோதுதான். தொப்புள் பக்கம் ஒன்று, அடிவயிற்றில் இரண்டு என்று பெரும்பாலும் மூன்று சின்னத் துளைகள். வலி குறைவு, தையல் சீழ் பிடிப்பதும் குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். மகளுக்கு அதையே சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி வலியும் அதே இடத்தில் வரும், கேமராவில் அதையும் பார்த்துவிடலாம்.

அவளுக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. என் அம்மா சுளுக்கு என்று தைலத்தோடு வந்துவிட்டார். வயிற்றை உப்ப வைக்க ஏற்றும் கரியமில வாயுவில் மிச்சம் இருப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத்தை உறுத்தும், அது தோளில் வலியாகத் தெரியும், எழுந்து நடந்தால் போய்விடும் என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் தைலம் பைக்குள் போனது.

திறந்து செய்வதென்றால் வயிற்றையே கிழிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். 1894-இல் மெக்பர்னி என்ற அமெரிக்க சர்ஜன் எழுதிவைத்த முறையில், வலது அடிவயிற்றில் சாய்வாகக் கீறி, தசையை வெட்டாமல் அதன் நார் போகும் திசையிலேயே விலக்குவார்கள். ஒல்லியான ஆளுக்குத் தழும்பு சின்னதாகத்தான் இருக்கும். மரத்துப்போக முதுகில் ஊசி போட்டே முடித்துவிடலாம். லேப்ராஸ்கோப்பிக்குப் பொதுவாக முழு மயக்கம் வேண்டும். வயிற்றுக்குள் சீழ் கட்டுவது லேப்ராஸ்கோப்பியில் சற்றுக் கூடுதல் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் எதைச் செய்தாலும், வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் அடித்தால் உடனே திரும்பப் போங்கள். துளை போட்டு ஆரம்பித்துவிட்டுப் பாதியில் திறப்பதும் நடக்கும். உள்ளே குடல் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் பத்திரம். டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

என் கணக்கில் முதல் கேள்வி முறை இல்லை, நேரம். குடல்வால் வெடித்துவிட்டதா என்று டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். இல்லை, மாற்றினாலும் தாங்கும் என்று அவரே சொன்னால், மதுரையில் இன்றைக்கே லேப்ராஸ்கோப்பி செய்யும் சர்ஜன் இருக்கிறாரா, காப்பீட்டு அட்டை செல்லுமா என்று போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். வயிறு கல் மாதிரி இறுகி, காய்ச்சலும் இருந்தால் இருக்கிற இடத்திலேயே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுங்கள். வலி திடீரென்று குறைந்தால் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். வெடித்தாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். அப்புறம், போகிற வழியில் பாவம் பசிக்கும் என்று டீ, பன் எதுவும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.