விம் எடிட்டரில் நகலெடுத்தது காணாமல் போனால்

ஒரு வரியை நகலெடுத்தேன், இன்னொன்றை நீக்கினேன், ஒட்டினால் நீக்கிய வரியே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விம்மில் இது பிழை அல்ல. அங்கே நீக்குவதும் வெட்டி எடுப்பதும் ஒன்றுதான். நீக்கியது போய், ஒட்டும்போது முதலில் வரும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

செருகுநிரலை, அதாவது விம்முக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரலைத் தேடும் முன் இதைச் செய்து பாருங்கள். நகலெடுத்ததையும் நீக்கியதையும் விம் வைத்திருக்கும் இடங்களுக்குப் பதிவேடுகள் என்று பெயர். கடைசியாக நகலெடுத்தது பூஜ்யம் எண் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. இரட்டை மேற்கோள் குறி, பூஜ்யம், பி என்று வரிசையாக அழுத்தினால் வந்துவிடும். நீக்கிய முழு வரிகள் 1 முதல் 9 வரையுள்ள பதிவேடுகளில், புதியது முதலில் என்ற வரிசையில் இருக்கும். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

ஆனால் பூஜ்யம் ஒரே ஒரு நகலைத்தான் வைத்திருக்கும். அதற்கு முந்தையவை வேண்டுமென்றால் யாங்க்ரிங் செருகுநிரல் உதவும். வழக்கம்போல் பி அழுத்தி ஒட்டுங்கள். தவறானது வந்தால் உடனே கண்ட்ரோல்-பி. ஒட்டியது மறைந்து, அதே இடத்தில் அதற்கு முந்தையது வரும். வேண்டியது கிடைக்கும்வரை அழுத்திக்கொண்டே போகலாம். முழுப் பட்டியலையும் பார்க்க ஒய்ஆர்ஷோ கட்டளை இருக்கிறது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு, இதே வேலையைச் செய்யும் யாங்கி செருகுநிரல் பொருத்தமானது. விசைகளை மட்டும் நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும்.

யாங்க்ரிங் இந்த வரலாற்றைக் கோப்பாகச் சேமித்து வைக்கிறது. கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதுவும் அங்கே போய்ச் சேரும். அலுவலகக் கணினி என்றால் யாங்க்ரிங்_பெர்சிஸ்ட் அமைப்பைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.