பாக்கெட் கோணலாகக் கிழிகிறது - பதில்

இட்லிப் பொடி பாக்கெட் கோணலாகக் கிழிந்து கொட்டுகிறது, வயதானவர்கள் பல்லால் கடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மதுரை கீழமாசி வீதிக் கடைகளுக்குச் சுக்குமல்லிப் பொடி போடுகிறவன் நான், இதே பாடு பட்டிருக்கிறேன். கோளாறு பெரும்பாலும் உள் அடுக்கில்தான்: வெளியே இருக்கும் பாலியெஸ்டர் சின்ன வெட்டு கிடைத்தாலே சரசரவென ஓடிவிடும், ஆனால் சீல் பிடிக்க உள்ளே வைக்கிற பாலித்தீன், அதிலும் எல்எல்டிபிஇ என்கிற நன்றாக நீளும் பாலித்தீன் வகை கூடுதலாக இருந்தால், கிழியாமல் சவ்வு மாதிரி இழுபடும். முதலில் சீல் பட்டைக்குள்ளேயே, அதாவது ஓரத்தில் சூடு வைத்து ஒட்டிய பகுதிக்குள்ளேயே, ஒரு 'வி' வெட்டு போடச் சொல்லுங்கள். பட்டையைத் தாண்டினால் காற்று புகுந்து பொடி கட்டிதட்டிவிடும். அப்புறமும் கோணினால், ஒரே திசையில் இழுத்துத் தயாரித்த ஃபிலிம் கேளுங்கள், அது இழுத்த வாக்கில் நேராகக் கிழியும், ஆனால் நீங்கள் கிழிக்கிற பக்கமும் அதே வாக்கில் வருகிறதா என்று ரோல் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கிழிய வேண்டிய இடத்தில் லேசரால் கோடு கீறியும் தருகிறார்கள், நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. சாம்பிளை எண்ணெய்க் கையோடும் ஒருமுறை கிழித்துப் பாருங்கள்.